மரத்துக்குள் ஒளிந்த கறுப்பு

"அங்கிள், மரத்தைக் கழற்றுங்கோ."

சொன்ன பிறகுதான் சோபிகாவுக்கு முதலாளி மேரினின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. ஒஸ்லோவின் அந்தப் பழம்பொருள் ஏலக்கடையில் அவள் சேர்ந்த அன்றே சொல்லிவைத்தது: துவக்கு கொண்டுவருகிறவரிடம் மரப்பிடியைக் கழற்றச் சொல்லாதே. 'உன்னை நம்பவில்லை' என்று மூஞ்சிக்கு நேரே சொல்வதற்குச் சமம் அது. உன் வேலை நிரந்தரமாவதும் அதில்தான் இருக்கிறது.

மேரினுக்குத் தமிழ் தெரியாது. துவக்கோடு வந்திருந்த வரதராசாவின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

புறநகர் லோறென்ஸ்கூக்கிலிருந்து கோட்டுப் போட்டு வந்திருந்த மனிதர் அவர். "பொம்பிளை பாக்க வந்த இடத்திலை, தோட்டைக் கழற்று, உரைச்சுப் பாக்கோணும் எண்டு கேக்கிற மாதிரியெல்லோ இருக்கு."

"பொன்னெண்டால் ஏன் பயப்பிடுறியள்?"

பக்கத்தில் அவர் மனைவி உதயகுமாரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

மேசையில் கிடந்த துவக்கு பழைய நோர்வே இராணுவத் துப்பாக்கி. "ஹம்மர்பெஸ்ட் மீன் ஃபக்டரி முதலாளி எங்களுக்குத் தந்தது" என்றார் வரதராசா. உதயகுமாரி தொண்டையைச் செருமவும் அவர் திருத்திக்கொண்டார். "சரி, இவவுக்கு. வித்துப்போட்டுக் கப்பல்லை ஒரு சுத்துச் சுத்துவம் எண்டு."

இரும்பின் நிறம் சோபிகாவை உறுத்தியது. பழைய மெருகென்றால் கை பட்ட இடமெல்லாம் தேய்ந்து வெளிறியிருக்க வேண்டும். இதுவோ வரதராசாவின் மீசையைப்போல ஒரே கறுப்பு. இரும்பில் குத்தியிருந்த அரச முத்திரைக் கிரீடத்தின் முனைகளும் மழுங்கியிருந்தன.

"பஞ்சால் துடைத்துப் பார், போதும்" என்று சமாதானத்துக்கு வந்தாள் மேரின்.

சோபிகா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. துவக்குக் குழாயில் கரண்டிபோல் மினுங்கும் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது.

"துவக்கை உரிச்சுப்போட்டாய் பிள்ளை" என்றார் வரதராசா.

மேரின் பதறிப்போய் எண்ணெய்த் துணியால் தேய்த்தாள். திட்டு உள்ளங்கையளவு ஆனது.

இனிக் கேட்க என்ன இருக்கிறது? சோபிகாவே திருப்புளியை எடுத்தாள். திருகாணிப் பள்ளத்தில் ஏதோ நார் சிக்கியிருந்தது, தட்டிவிட்டாள். மரம் கழன்றது. உள்ளே மறைந்திருந்த இரும்பில் ஆழமான கருநீலம், பட்டுப்போல.

பஞ்சை மணந்து பார்த்தாள். திருவிழாவுக்கு முதல்நாள் அப்பா குளியலறையில் அடைந்து கிடக்கும்போது வரும் மணம்.

"வெளியிலை இருக்கிறது ஒறிஜினல் இல்லை, அங்கிள். ஆரோ மினுக்கிப்போட்டுச் சாயம் பூசியிருக்கினம்."

"மற்றக் கடையளிலை ஒறிஜினல் எண்டவங்கள், விலைதான் காணேல்லை."

"அவங்கள் மரத்தைக் கழற்றேல்லை."

மேரின் மதிப்பீட்டுத் தாளைத் தள்ளினாள். "மன்னிப்புக் கேட்டுவிட்டு 'அசல்' என்று எழுது. திங்கட்கிழமை உன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறேன்."

வீட்டிலே முதன்முதல் பட்டம் வாங்கியவள் அவள். அதுவும் உலோகத்தைப் படித்து. பொய் எழுதவா படித்தாள்? 'அசல் அல்ல' என்று எழுதி, கடைக் கதவு திறக்கும் அட்டையை அதன்மேல் வைத்து, ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு நடந்தாள். மேரின் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

வாசல்வரை ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டவர் உதயகுமாரி. உள்ளே ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு அவள் காதுக்குள் சொன்னார்:

"புளி போட்டு மினுக்கி, இவரின்ரை தலைச்சாயத்தைப் பூசினது நான்தான் பிள்ளை; என்ரை துவக்கை விக்காமல் விடுறதுக்கு உன்னைப்போல ஒருத்தி வேணுமெண்டு எத்தினை கடை ஏறி இறங்கினனான் தெரியுமே."