திருப்பிக் காயப்போட்ட சட்டை

"உங்க பேப்பரெல்லாம் சுத்தமா இருக்கு. ஆள்தான் யாருன்னு தெரியல" என்றார் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவைப் பார்க்கும் மேடம்.

எதிரே இருந்த மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். வாஷிங்மெஷின் ரிப்பேர் அவருடைய சொந்தத் தொழில். மாதச் சம்பளம் இல்லாதவனுக்குக் கடன் என்றாலே வங்கியில் முகத்தைச் சுளிப்பார்கள். வரி கட்டிய ரசீது, பில் புத்தகம் என்று கேட்டதையெல்லாம் கொண்டுவந்து கொட்டி, இப்போதுதான் உட்கார நாற்காலி கிடைத்திருந்தது.

"என்ன மேடம் பிரச்சினை?"

"வெரிஃபிகேஷனுக்கு ஆள் அனுப்பினோம். நீங்க ஏதோ ஆபீஸ்ல அக்கவுண்டன்ட்டுன்னு உங்க கீழ்வீட்டம்மா சொல்றாங்க. எதிர்வீட்டு டீச்சரும் அதையேதான் சொல்றாங்க. நீங்க சொந்தத் தொழில்னு எழுதியிருக்கீங்க. இதுல எது பொய்?"

"அவங்க சொன்னதுதான் மேடம் பொய். ஆனா பொய் சொன்னது அவங்க இல்ல, நான்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மெக்கானிக் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முன்பு இருந்த வாடகை வீட்டில் அவர் செய்யும் தொழில் ஊருக்கே தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் கதவு தட்டப்படும். "தம்பி, தண்ணி இறங்கவே மாட்டேங்குது, ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் பாதி நாளைத் தின்றுவிடும். முடித்துவிட்டுக் கையைத் துடைத்தால், "நம்ம தம்பிதானே" என்று முதுகில் ஒரு தட்டு. கூலி அதுதான். இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்குக் குடிவரும்போதே அவர் ஒரு முடிவோடு வந்தார். இங்கே யாருக்கும் அவர் மெக்கானிக் இல்லை.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் கிளம்புவார். லேப்டாப் பைக்குள் ஸ்பானர்கள் சத்தம் போடாமலிருக்கத் துண்டு சுற்றியிருக்கும். பெட்ரோல் பங்க் கழிவறையில் நுழைந்து வேலைச் சட்டைக்கு மாறுவார். பழுப்பு நிறம். முதுகில் கொட்டை எழுத்தில் 'வாஷிங்மெஷின் சர்வீஸ்' என்றும், அதன் கீழே போன் நம்பரும் இருக்கும். அதை அவர் மனைவி துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித்தான் காயப்போடுவாள்.

"இதை நான் எப்படி எழுதறது?" என்றார் மேடம். "நான் பொய் பேசறவன்தான்னு அவரே ஒத்துக்கிட்டார்னு எழுதட்டுமா?"

"இன்னொரு தடவை ஆள் அனுப்புங்க மேடம். அதுக்குள்ள எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

அவர்கள் அட்வான்ஸ் கொடுத்திருந்த வீட்டை விற்பவர், மாசக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். இரண்டே அறைதான். ஆனால் மனைவிக்கு அதன் சுவர்கள் பிடித்துப்போயிருந்தன. இப்போதைய வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். கல்யாணப் போட்டோ இத்தனை வருஷமாக ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்தபடி நிற்கிறது. கதவை வேகமாகச் சாத்தினால் இருவரும் குப்புற விழுவார்கள். யாரையும் கேட்காமல் ஓர் ஆணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஒரு பொட்டலம் ஆணிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் அவர் பழுப்புச் சட்டையை நேராகப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். நான் அக்கவுண்டன்ட் இல்ல. மெஷின் மெக்கானிக்."

"அடேயப்பா! மெக்கானிக்கா? தெரியவே தெரியாதே!" என்ற கீழ்வீட்டு அக்கா, திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. அந்த மனிதரிடமிருந்து இருமலைத் தவிர வேறு சத்தத்தை மெக்கானிக் இதுவரை கேட்டதில்லை.

எதிர்வீட்டு டீச்சர், "அப்படியா, ரொம்ப ஆச்சரியமா இருக்கே" என்று வருகைப் பதிவு வாசிக்கும் குரலில் சொன்னார். படித்தவர்கள் அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

ஏமாற்றியதற்குப் பிராயச்சித்தம் செய்தால் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வார்களே என்று ஒரு யோசனை வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க மெஷின்ல ஏதாவது கோளாறு இருந்தா சொல்லுங்கக்கா. காசெல்லாம் வேண்டாம்."

அக்காவின் மெஷினைத் திறந்தார். உள்ளே பெல்ட் புதிது. யாரோ ஒருவன் தன் ஸ்டிக்கரை வேறு ஒட்டியிருந்தான்.

"யாருக்கா இதைப் பார்த்தது?"

"மார்க்கெட் பக்கம் ஒருத்தன் இருக்கான். வேலை சுமார்தான், ஆனா நல்லா கறந்துட்டான் தம்பி."

டீச்சர் வீட்டு மெஷினிலும் அதே ஸ்டிக்கர். அந்த மார்க்கெட்காரன் மீது மெக்கானிக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. இலவசம் என்ற செய்தி தெருமுனை வரை போயிற்று. மாவு அரைக்கிற மெஷினைக்கூட ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் போன் செய்தபோதெல்லாம், "நாளைக்கு வரேன் சார்" என்றார். அவர்களும் மார்க்கெட்காரனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வெரிஃபிகேஷன் ஆள் மறுபடியும் வந்துவிட்டுப் போனார். வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. மெக்கானிக் முகமெல்லாம் சிரிப்பாகப் போய் உட்கார்ந்தார்.

"உங்களைத் தங்கமான மனுஷன்கறாங்க" என்றார் மேடம்.

"அப்படியா மேடம்!"

"தெருவுக்கே மெஷின் ரிப்பேர் பண்றீங்களாம். ஒருத்தர்கிட்டயும் பைசா வாங்கறதில்லையாம். கீழ்வீட்டம்மா கண்ணு கலங்கியே சொல்லியிருக்காங்க. தர்மத்துக்கு வேலை பார்க்கிறவர் தவணையை எப்படிங்க கட்டுவார்?"

மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்தார். இன்னும் ஒரே ஒரு தடவை ஆள் அனுப்பச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். பின்னாலிருந்த வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. மேடம் பெருமூச்சு விட்டு, "இதுதான் கடைசி" என்றார்.

"அக்கா, நான் காசு வாங்கறவன்னு சொல்லுங்க" என்று கீழ்வீட்டில் போய்க் கெஞ்சினார். "தாராளமா வாங்கறவன்னு சொல்லுங்க. அப்பதான் வருமானம் இருக்குன்னு நம்புவாங்க."

"கவலையே படாதீங்க தம்பி. இந்தத் தடவை பாருங்க" என்றார் அக்கா.

அக்கா சொன்னபடி செய்தார். மாடிப்படியில் நின்ற மெக்கானிக்கின் காதிலேயே விழுந்தது.

"அவனா? கொள்ளைக்காரன் சார்! மூடியைத் திறந்து பார்க்கவே காசு கேப்பான். கழுத்துல கத்தி வைக்காத குறைதான். அவன்கிட்ட இல்லாத பணமா!"

வெரிஃபிகேஷன் ஆள் எழுதிக்கொண்டே இருந்தார். நிறைய எழுதினார்.

"ஒரே ஆளைப் பத்தி மூணு தடவை விசாரிச்சேன்" என்றார் மேடம். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "முதல்ல அக்கவுண்டன்ட்ன்னாங்க, அப்புறம் மகான்னாங்க, இப்ப கொள்ளைக்காரன்கறாங்க. முதல் தடவையே அவங்க மெக்கானிக்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஸாரிங்க."

மாசக் கடைசியில் வீடு கைமாறியது. வாங்கியவர் மாதச் சம்பளக்காரர். விற்பவர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, "அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். அவரிடம் விற்க இருந்தது அந்த ஒரு வீடுதான்.

மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. ஆணிப் பொட்டலத்தை எடுத்து அலமாரியின் அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே வைத்தாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அன்று பூராவும் அவருக்கு வேலைக்குப் போகக் காலெழவில்லை.

சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா கணவரோடு துக்கம் விசாரிக்கிற முகத்துடன் மேலே வந்தார். எதிர்வீட்டு டீச்சரும் வந்து வாசற்படியருகே நின்றுகொண்டார். அவர் கதவைச் சாத்தியதில் ஃபிரிட்ஜ் மேலிருந்த கல்யாணப் போட்டோ குப்புற விழுந்தது. யாரும் அதை நிமிர்த்தவில்லை.

"என் பாழும் வாய்தான் காரணம்" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "கொஞ்சம் ஓவராப் போயிட்டேன்."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க, நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார் மெக்கானிக். "எல்லாம் என்னால வந்தது. ஓசி வேலை கேப்பீங்கன்னு பயந்து தொழிலையே மறைச்சேன். நான் மெக்கானிக்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, பேங்க் ஆள் முதல் தடவை வந்தப்பவே சொல்லியிருப்பீங்க. வீடும் கிடைச்சிருக்கும்."

டீச்சர் தரையைப் பார்த்தார். அக்கா தன் கணவரைப் பார்த்தார். அந்த மனிதர் இருமினார். பிறகு, மெக்கானிக் குடிவந்த நாளிலிருந்து முதல்முறையாக, வாயைத் திறந்தார்.

"வெயில் அடிச்சா திருப்பிப் போட்ட சட்டையிலயும் எழுத்து தெரியும் தம்பி, குடிவந்த வாரமே படிச்சுட்டோம், வெளியில சொல்ல உங்களுக்குக் கூச்சம்போலன்னு நாங்க காசு குடுத்து மார்க்கெட்காரனைக் கூப்பிட்டுக்கிட்டோம், அந்த பேங்க் ஆள் முதல்ல வந்து 'இவர் மெக்கானிக்தானே'ன்னு துருவித் துருவிக் கேட்டப்பக்கூட ஒருத்தரும் உங்களைக் காட்டிக்குடுக்கல."