அடைக்கோழியும் மஸ்கட் பேணியும்

ஒரு கோழியோடு சமாதானம் செய்துகொள்வது என்று தீர்மானித்தேன். உலகத்தில் எத்தனையோ சமாதானங்கள் முறிந்திருக்கின்றன. இது முறியக்கூடாது. கோழியின் வயிற்றுக்கடியில், மஸ்கட் இனிப்பு அடைத்த என் தகரப் பேணி இருந்தது.

இனிப்பை ஏன் கோழிக்கூட்டில் ஒளித்தாய் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். பாலமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு கல்முனைக்குடிக்கு வந்தவன் நான். வீடு என் மனைவி சுல்பிகாவின் சீதனம். அலுமாரி அவளுடையது. அலுமாரித் திறப்புக் கொத்தும் அவள் இடுப்பில். சீனி வருத்தக்காரன் இனிப்பை வேறெங்கே வைப்பான்? கூட்டின் மூலையில், வைக்கோலுக்கடியில் வைத்தேன். ஒருநாள் பார்த்தால், அதே வைக்கோலின் மேல் சிவப்புக் கோழி அடை கிடக்கிறது! கையை நீட்டினேன். கொத்தியது. இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் என்று கொஞ்சமும் பாராத கொத்து.

போனில் தேடிச் சத்தமாகப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். பயமும் கோபமும் மூளைக்குள் அடுத்தடுத்த வீட்டுக்காரர். ஒன்றைத் தட்டினால் மற்றதும் விழித்துக்கொள்ளும். உடம்பில் சுரக்கிற அதே நீர்தான் ஓடவும் வைக்கிறது, பாயவும் வைக்கிறது. ஓட வழியிருந்தால் பிராணி ஓடும். வழியில்லாவிட்டால், அல்லது காப்பதற்கு முட்டையோ குஞ்சோ இருந்தால், கடிக்கும். எலிகளில் இன்னொரு விசித்திரமும் கண்டிருக்கிறார்கள். மிகவும் பயந்த எலியும் கடித்ததாம். பயம் குறைந்த எலியும் கடித்ததாம்.

"அப்ப எங்கட கோழி எது?" மீன் வெட்டிக்கொண்டே சுல்பிகா கேட்டாள்.

"பயந்தது. இறகெல்லாம் சிலிர்த்து நிக்கிது, பார்க்கல்லயா?"

"கிளினிக்குக்கு வாங்க எண்டா நீங்க சிலிர்க்கிற மாதிரியா?"

"என்ன கதை இது? எனக்கென்ன பயம்!" என்று கத்தினேன். கூட்டுக்குள் கோழியும் கத்தியது.

வழக்கத்துக்கு மாறாக அவள் திருப்பி ஏசவில்லை. "செரி மாஸ்டர், பயந்த பிராணிய என்ன செய்யணும்?"

மாஸ்டர்! என்னை யாரும் கேள்வி கேட்டு எவ்வளவு காலம்! உருகிப்போனேன்.

"ஏசக்கூடாது. தூரத்தில இருந்து மெதுவாக் கதைக்கணும். விருப்பமான தீனியக் கிட்ட வெச்சிட்டுப் பேசாம இருக்கணும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டப் போகணும். கடைசியா உள்ளங்கையில வெச்சு நீட்டினா வாங்கித் திங்கும்."

"கேக்கவே நல்லா இரிக்கி," என்றாள்.

அஸர் தொழுகை முடிந்ததும் கூட்டுக்கு எதிரே முக்காலி போட்டேன். குறுணலைத் தூவினேன். கொஞ்சிக் கதைத்தேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவின் தலை எழுந்தது.

"என்ன சுல்பிகா, ஒண்ட மாப்பிள கோழிக்கு ஓதிப் பார்க்கிறாரா?"

"ஆராய்ச்சி, மாமி. எண்ட உம்மா மௌத்தாகி நான் அழுத நேரமும் எனக்கிட்ட இவ்வளவு பதமாக் கதைக்கல்ல இவர்."

ஆனாலும் சுல்பிகா மாறித்தான் போனாள். ஏச்சு நின்றது. கிளினிக் என்ற சொல்லே வீட்டில் இல்லை. நான் கோழியைப் பார்த்திருக்க, அவள் குசினிப் படியில் இருப்பாள். பிறகு முருங்கையடிக்கு வந்தாள். பிறகு என் முக்காலிக்குப் பக்கத்தில். ஒரு தட்டில் வறுத்த கச்சான் கடலையை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். விஞ்ஞானத்தின் மேல் அவளுக்கு வந்த மரியாதை என்று நினைத்தேன். கச்சானும் நல்ல பதம்.

ஒருநாள் கோழி இணங்கியது. அதன் நெஞ்சுக்கடியில் கையை நுழைத்தேன், கொத்தவில்லை. சூடான பேணியை மெல்ல இழுத்துத் திறந்தேன்.

மஸ்கட் இல்லை. நான் குடிக்காமல் ஒதுக்கிய சீனி வருத்தக் குளிசைகள் அட்டை அட்டையாக இருந்தன.

"மஸ்கட் எங்க?"

"எதிர்வீட்டுப் புள்ளைகளுக்குக் குடுத்திட்டன்."

"கோழிய இதுல அடை வெச்சது?"

"நாந்தான்."

சீறுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் குரல் மெதுவாக வந்தது.

"சீனி வருத்தத்தில வாப்பாட கால வெட்டி எடுத்த அண்டைக்கு, ஆசுபத்திரி விறாந்தையில அவர்ர செருப்ப நாந்தான் வெச்சிருந்தன். ரெண்டு செருப்பு. மத்தத என்ன செய்யிற எண்டு தெரியல்ல. அதான் இவ்வளவு காலமும் ஒங்களக் கொத்தினன்."

என் பெருவிரல் கொஞ்சக் காலமாகவே மரத்துக் கிடந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கே சொல்லவில்லை. கோழி இறகைத் தாழ்த்தி முட்டைகளின் மேல் அமர்ந்தது.

"நாளைக்குக் கிளினிக்," என்று சொல்லி, ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

கொத்தாமல் வாங்கி விழுங்கினேன்.