மூவாயிரம் கழித்த கம்ப்யூட்டர்

ஒரு குடும்பத்தின் பதினோரு வருட வாழ்க்கை மூவாயிரத்துக்குப் படிந்தது.

படிந்த இடம் கம்ப்யூட்டர் கடை. படிய வைத்தவர், அதே கடைத்தெருவின் கோடியில் குழாய்க் கடை வைத்திருக்கும் தள்ளுபடியார். அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தெரு வைத்த பெயர். எந்தச் சாமானையும் அவர் முழுசாக வாங்கியதில்லை. ஃபேன் வாங்கினால் ரெகுலேட்டரைக் கழித்துக்கொள்ளச் சொல்வார். கட்டில் வாங்கினால் தலைமாட்டுப் பலகையை. ஃபிரிட்ஜ் வாங்கியபோது ஸ்டாண்டைக் கழித்ததோடு நிற்காமல் உள்ளே இருந்த விளக்கையும் கழிக்கப் பார்த்தார். அதைக் கழற்ற முடியாததால் அது பிழைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அவர் கழித்துவிட்டு வந்ததெல்லாம் இரண்டொரு நாளில் தானாக வீடு வந்து சேரும். சும்மாதான் கிடந்தது, கொசுறாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர்களே அனுப்பிவிடுவார்கள். தன் பேரத்துக்குத் தெரு கட்டும் மரியாதை என்று அவர் அதை எடுத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லியும் காட்டுவார். பள்ளிச் சீருடை தைக்கும் சின்னத் தையல்கூடம் ஒன்றை நடத்தும் அந்த அம்மாள், பல்லிடுக்கில் ஊசியோடு, "உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள். ஊசி இருக்கிறதல்லவா.

இந்த முறை கழித்தது ஹார்ட் டிஸ்க். பழைய கம்ப்யூட்டரில் கல் மாதிரி ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றார். பழசு எந்த நேரமும் காலை வாரும் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். எதிராளி குரலைத் தாழ்த்தினால் விலை இறங்கப்போகிறது என்றுதான் தள்ளுபடியாருக்கு அர்த்தம். மூவாயிரம் இறங்கியது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஏற்றித் தரும் கூலியையும் கழித்துக்கொண்டார். கடைக்காரர் ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்து, இதைச் செருகினால் அதுவே கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் போதும் என்று அனுப்பிவைத்தார்.

மனைவிக்கு ஒரே ஒரு கவலை. மகளின் பிள்ளைப்பருவம் முழுக்க அந்த டிஸ்கில்தான் இருந்தது. முதலில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள் என்றாள். காப்பி எடுக்க இன்னொரு டிஸ்க் வேண்டும். டிஸ்க் வாங்கக் கூடாது என்றுதானே இத்தனை பாடும். எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டார். அவள் நம்பினாளோ என்னவோ, நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்று கடைத்தெருப் பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்து, பழைய பெட்டியிலிருந்து டிஸ்கைக் கழற்றிப் புதுப்பெட்டிக்குள் வைத்தார். டிஸ்கின் பின்பக்கம் இரண்டு வாய் இருந்தது, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பெட்டிக்குள் சின்ன வாய்க்கு அளவான வயர் ஒன்று தொங்கியது. மாட்டினார், கச்சிதமாக உட்கார்ந்தது. பெரிய வாய்க்கு எதுவும் தொங்கவில்லை. மூலையில் சில வயர்கள் சுருட்டிக் கட்டிக் கிடந்தன. ஒருவன் மெனக்கெட்டுக் கட்டி வைத்ததை நாம் ஏன் அவிழ்க்க வேண்டும்?

குழாய் விற்றே தலை நரைத்தவருக்கு இதில் குழப்பமே இல்லை. தொட்டிக்கு இரண்டு வாய் இருந்தால் ஒன்றில் தண்ணீர் வரும். மற்றது பின்னால் தேவைப்படலாம் என்று விட்டது. வேண்டாத வாயை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசியும். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளை டேப்பைப் பெரிய வாயின் மேல் இறுக்கிச் சுற்றினார். இனி ஒரு சொட்டு வராது.

பென் டிரைவைச் செருகியதும் கடைக்காரர் சொன்னபடி அது கேட்க ஆரம்பித்தது. எந்த மொழி, எந்த நேரம், எங்கள் நிபந்தனைகளுக்குச் சம்மதமா, அடுத்தது, அடுத்தது. ஆயுளில் ஒரு தடவைகூட முதல் விலைக்குத் தலையாட்டாத மனிதர், அன்றைக்கு வரிசையாகச் சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனார். கடைசிக் கேள்விக்கும் தட்டினார். கை முந்திக்கொண்டது, கண் அப்புறம்தான் போய்ப் படித்தது. இந்த டிஸ்கில் உள்ளவை அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டிருந்தது.

திரை ஒரு தரம் கறுத்து, மறுபடி வெளுத்தது. அழகான மலை ஒன்று வந்தது. கீழே ஏரி வந்தது. மகள் வரவில்லை.

ஒவ்வொரு மூலையாகத் திறந்து பார்த்தார். எல்லாம் புதுவீடு மாதிரி காலியாக இருந்தது. அப்போது போன் அடித்தது.

"என்னங்க, ஏறிடுச்சா?" என்றாள் மனைவி.

"ஏறிடுச்சு."

"செருப்பு வீடியோ இருக்கா?"

"இருக்காம எங்க போயிடும்?"

"அவ நாளைக்குக் காலையில வந்துடுவா. இந்தத் தடவை அதைத்தான் முதல்ல காட்டணும்னு இருக்கேன். காப்பியும் பத்திரமா இருக்குல்ல?"

பத்திரமாக இருக்கிறது என்றார். இப்போது அவரிடம் இல்லாத வீடியோவும் அதற்கு இல்லாத ஒரு காப்பியும் இருந்தன.

அந்த வீடியோவில் மகளுக்கு ஆறு வயது. அப்பாவின் செருப்பை ஒளித்து வைத்துக்கொண்டு, அதை அப்பாவிடமே பத்துக்கு விற்கப் பார்ப்பாள். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, அடிப்பாகம் தேய்ந்திருக்கிறது, வார் தொங்குகிறது என்று பேசிப் பேசி நாலுக்கு முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு ராஜநடை நடந்து போவார். வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுவார். தான் நடந்து போகும் இடம் வந்ததும், பார்த்தீர்களா, இதுதான் வியாபாரம் என்று சொல்லிப் பட்டென்று மூடிவிடுவார். அந்தப் பெண் இப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள். அவள் போனதிலிருந்து மனைவி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீடியோவைத் தினமும் பார்த்துவந்ததும், பழைய கம்ப்யூட்டர் படுத்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாததும் அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் புதுசே வாங்கினார். அதில்தான் மூவாயிரம் மிச்சம் பிடித்தார்.

உட்கார முடியவில்லை. நின்றார். நிற்கவும் முடியவில்லை. டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, அழிந்ததை மீட்டுத் தருவதாகப் பலகை மாட்டியிருந்த ஒரு மாடிக் கடைக்கு ஓடினார். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, மீட்க இருபதாயிரம் ஆகும் என்று தலை நிமிராமல் சொன்னார்.

உயிர் போகிற நேரத்திலும் பழக்கம் போகவில்லை. "அதுல பாதி என் மச்சான் குடும்பம்தாம்மா. அவங்களைக் கழிச்சுக்குங்க."

அந்தப் பெண்மணி இப்போது நிமிர்ந்தார். "அழிஞ்சதுல ஆள் பார்த்து எடுக்க முடியாது சார். முதல்ல செருகிப் பார்க்கணும். பார்க்க மட்டும் ஐந்நூறு."

பார்ப்பதற்கா காசு? தன் கடையில் நாளெல்லாம் ஆட்கள் குழாயை எடுத்துப் பார்க்கிறார்கள், ஊதிக்கூடப் பார்க்கிறார்கள், ஒரு காசு கேட்டதுண்டா? டிஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்தால் கூப்பிடுவார்கள். வாசலைத் தாண்டினால் கட்டாயம் கூப்பிடுவார்கள். படியில் மெதுவாக, காதைப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. படி தீர்ந்து தெருவே வந்துவிட்டது. திரும்பி ஏற மனசு துடித்தது. கால் சம்மதிக்கவில்லை, அதுவும் வியாபாரக் குடும்பத்துக் கால்.

அடுத்த வழி மச்சான். மனைவியின் தம்பி, வீடியோவை எடுத்தவனே அவன்தான். தெருவோரத்தில் நின்றபடி போன் போட்டு, அந்த வீடியோ உன்னிடம் இருக்கிறதா, சும்மாதான் கேட்டேன் என்றார். அதை எடுத்த போன் என்றைக்கோ செத்துவிட்டது, அக்காவிடம்தான் இருக்குமே, கேட்டுச் சொல்லட்டுமா என்றான் அவன். கேட்காதே என்று அவர் சொன்ன வேகத்திலேயே அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அக்காகிட்ட நான் வாயே திறக்க மாட்டேன் அத்தான். ஆனா என் வீட்டுல ரெண்டு பாத்ரூமுக்கும் குழாய் மாத்தணும்."

"எடுத்துக்க."

"ரெண்டுக்கும் ஷவரும் வேணும்."

"அதையும் எடுத்துக்க."

மச்சான் பட்டியலை அத்தோடு நிறுத்திவிட்டான். பிறகு, உடம்பைப் பார்த்துக்குங்க அத்தான் என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போது மனைவியின் போன் வந்தது. "நெஞ்சு கிஞ்சு வலிக்குதாங்க? தம்பி அழாத குறையா பேசுறான். கேட்ட விலைக்கு ஒத்துக்கிட்டீங்களாமே, அதுவும் ரெண்டு தடவை. அசையாம படுங்க. மெஷினை நிறுத்திட்டு இதோ வர்றேன்."

படுப்பதா? டிஸ்கை முன்போலவே பெட்டிக்குள் மாட்டினார். பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைத்தெருவில் ஓடினார். ஃபேன் கடைக்காரர் என்னவென்று கேட்டார். கட்டில் கடைக்காரர் எழுந்து நின்றே பார்த்தார். யாருக்கும் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டர் கடைக்குள் போய் மேசைமேல் பெட்டியை இறக்கினார்.

"என் பொண்ணை அழிச்சிட்டேன்பா. எப்படியாவது மீட்டுக் குடு. எவ்வளவு ஆனாலும் சரி, நீ கேக்கறதைத் தர்றேன்."

கடைக்காரர் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன டேப்பு?"

"கசியக் கூடாதுன்னு."

கடைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு டேப்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். "இதுலதாண்ணே கரண்ட் போகணும். இந்த டிஸ்க் இன்னைக்குக் கண்ணையே தொறக்கல. நீங்க எதையும் அழிக்கல."

மூலையில் கட்டியிருந்த வயரை அவிழ்த்து மாட்டினார். டிஸ்க் உள்ளே ர்ர்ர் என்று சுழல ஆரம்பித்தது. திரையில் படங்கள் வரிசைகட்டி வந்தன: பல் விழுந்த மகள், சைக்கிளோடு விழுந்த மகள், நடுநடுவே கழிக்கப்படாத மச்சான் குடும்பம். தள்ளுபடியார் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

கண் காய்ந்ததும் புத்தி விழித்தது. "அப்ப நான் எதைப்பா அழிச்சேன்?"

கடைக்காரருக்குத் திடீரென்று மேசையைத் துடைக்கும் வேலை வந்துவிட்டது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு தகடு இருக்கிறது, அதுவும் டிஸ்க்தான், புத்தம் புதுசு, அதில் எதுவும் இல்லாததால் நஷ்டமில்லை என்றார்.

"டிஸ்கைத்தான் கழிச்சாச்சே?"

"கொசுறுண்ணே."

"மூவாயிரம் பெறுற பொருள் கொசுறா?"

"நீங்க முதல்ல பாப்பா வீடியோவைப் பாருங்கண்ணே" என்று கடைக்காரர் அவசரமாக அதைத் தட்டிவிட்டார்.

ஆறு வயது மகள் செருப்பைத் தூக்கிக் காட்டி, பத்து என்றாள். திரைக்குள் இருந்த அப்பா குந்தி உட்கார்ந்தார், பேசினார், நாலுக்கு முடித்தார், ராஜநடையாக வெளியே போனார். வழக்கம்போல மூடுவதற்குக் கை நீட்டினார் தள்ளுபடியார். மவுஸோ கடைக்காரர் பக்கம் இருந்தது. வீடியோ மேலே ஓடியது.

அதற்குப் பிறகும் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. குழந்தை உள்ளங்கையில் கிடந்த நாலு காசைப் பார்த்துக்கொண்டு நின்றாள்; உதடு பிதுங்கியது. அப்போது திரையின் ஓரத்திலிருந்து, விரலில் நூல் சுற்றிய ஒரு கை நீண்டு, அந்த உள்ளங்கையில் மேலும் காசு வைத்தது. அப்பாவிடம் சொல்லாதே என்று மெல்லிய குரல் கேட்டது. குழந்தை உரக்க எண்ணினாள்.

"அப்பா நாலு, அம்மா ஆறு. பத்து சரியாப் போச்சு."

தள்ளுபடியாரின் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், மறைக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா அப்பவே ஆரம்பிச்சுட்டாங்களாண்ணே? ஃபேன் கடை, கட்டில் கடை, ஃபிரிட்ஜ் கடை எல்லாத்துக்கும் காசு குடுத்து நேர் பண்ணிட்டாங்க. என் மூவாயிரத்துலதான் இன்னும் ஐந்நூறு பாக்கி நிக்குது."