குடையருவியில் இறங்கும் வழி

ஒரு காட்டில், பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு நாரைகள் பேசிக்கொண்டது தற்செயலாக ஒரு சருகுமானின் காதில் விழுந்தது.

“இந்தப் புஸ்தகத்தை எழுதினவ ஒருநாளாவது பஸ்ஸுல ஏறியிருப்பாங்கிற?”

“எங்கடி ஏறினா! வீட்டுக்குள்ளயே உக்காந்து எழுதினது. ரெண்டு பக்கம் படிச்சாலே தெரியுதே.”

நாரைகளின் பின்னால் நின்றிருந்த சருகுமான்தான் அந்தப் புத்தகத்தை எழுதியவள். பெயர் குமுதவல்லி. சுற்றுலாவியலில் முதுகலை படித்தவள். வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதவில்லை என்று திருத்திச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். “மன்னிக்கணும்” என்று தொடங்குவதா, “நான்தான்” என்று தொடங்குவதா என்று யோசித்தாள். அதற்குள் நாரைகள் மீன்விலைக்குப் போய்விட்டன.

அந்தக் காட்டின் ஓரத்தில் குடையருவி என்றொரு புறநகர் இருந்தது. அங்கே விழுந்த அருவி விரித்த குடைபோல நாலாபுறமும் சிதறும். அதைப் பார்க்க எட்டுத் திக்கிலிருந்தும் விலங்குகள் வந்தன. வந்தவர்களுக்கு வழி தெரியவில்லை. ஆகவே காட்டுச் சுற்றுலா அலுவலகம் குமுதவல்லியைத் தற்காலிகப் பணியில் அமர்த்தி, ‘குடையருவிக்கு வருவோருக்கான போக்குவரத்து வசதிகள்’ என்று இருபத்துநான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதச் சொன்னது.

அவள் அதை உழைத்துத்தான் எழுதினாள். மூன்று மாதம் நிறுத்தத்தில் நின்றாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை; கேட்க அவளால் முடியாது. மற்றவர்கள் கேட்பதையும் அவர்களுக்குக் கிடைக்கும் பதிலையும் ஒளிந்து நின்று குறித்துக்கொண்டாள். யானை ஓட்டும் பேருந்து, காட்டுப்பன்றியின் ஷேர் ஆட்டோ, சிறுத்தையின் கால் டாக்ஸி, ஒன்று விடாமல் எழுதினாள். ‘பயணிகள் தாம் இறங்க வேண்டிய இடத்தை நடத்துநரிடம் தெரிவித்து எளிதில் இறங்கிக்கொள்ளலாம்’ என்ற வாக்கியத்தை எழுதும்போது அவள் கை நடுங்கவே இல்லை. அவள் வீடு அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருந்தது. பேருந்தில் ஏறவேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை.

இன்றுதான் வந்தது. கையேட்டை நம்பி வந்தவர்கள் அருவியைப் பார்க்காமலே திரும்புவதாக மேலிடத்துக்குப் புகார் மேல் புகார் போயிற்று. உதவி இயக்குநர் கரடி வேலாயுதம் சார் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். ‘உமது கையேட்டில் கண்ட வாகனம் ஏதேனும் ஒன்றில் ஏறி, பதினோரு மணிக்குள் அருவிக்கு வந்து சேர்ந்தால், பணி நிரந்தர ஆணை அங்கேயே வழங்கப்படும். தவறினால் அப்பணி கிளிக்கு வழங்கப்படும்.’

கிளிக்குப் படிப்பு கிடையாது. ஆனால் நேர்முகத் தேர்வில் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தது.

பேருந்து வந்தது. முன்பாதியில் ஓட்டுநர் யானை உட்கார்ந்திருந்ததால் பின்பாதியில் நாற்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். கருமந்திக் கண்டக்டர் கம்பியில் வாலைச் சுற்றித் தொங்கியபடி சீட்டுக் கொடுத்தது. குமுதவல்லி சரியாகச் சில்லறை வைத்திருந்ததால் பேசாமலே சீட்டு வாங்கிவிட்டாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மீதிக் கிணறு இறங்குவதில் இருந்தது. ‘இறங்கணும்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் மொட்டையாக எப்படிச் சொல்வது? கண்டக்டரை அண்ணா என்று கூப்பிட்டால் ரொம்ப உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். சார் என்றால் கேலி செய்வதாக நினைத்துக்கொள்ளக்கூடும். ஐயா என்றால், பாவம், அதற்கு அவ்வளவு வயதாகவில்லை. நாரைகள் முன்சீட்டில் இருந்தன. அவைதான் அருவிக்குப் போகிறவை ஆயிற்றே, அவை நிறுத்தச் சொன்னால் பின்னாலேயே இறங்கிவிடலாம் என்று அவள் மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

“அருவி இருக்கா, அருவி?” என்றது கண்டக்டர்.

ஒரு நாரை இன்னொரு நாரையைப் பார்த்தது. இன்னொரு நாரை ஜன்னலைப் பார்த்தது. குமுதவல்லி அண்ணாவுக்கும் சாருக்கும் நடுவே நின்றாள்.

“யாருமில்லைண்ணே! போலாம், ரைட்!”

அருவி ஜன்னலுக்கு வெளியே வந்தது. ஒரு துளி அவள் மூக்கில் பட்டது. பிறகு அருவி பின்னால் போய்விட்டது.

கடைசி நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது எல்லோரும் இறங்கினார்கள். அங்கே ஒன்றும் இருக்காது என்றுதான் குமுதவல்லி எழுதியிருந்தாள். பார்த்தால், அது திருவிழாபோல இருந்தது. தொப்பிக் கடை, நேந்திரம் சிப்ஸ் கடை, மூன்று லாட்ஜ். பேருந்திலிருந்து இறங்கிய முள்ளம்பன்றித் தம்பதி ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றது.

“நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்” என்றது பெண் முள்ளம்பன்றி.

“நீ சொல்லுவேன்னு நான் நெனச்சேன்” என்றது ஆண்.

டீக்கடை வைத்திருந்த கோதை என்ற அணில் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. “வாங்க, வாங்க. சண்டை போடாதீங்க. நாங்களும் கல்யாணமான புதுசுல அருவி பாக்கத்தான் வந்தோம். எறங்கச் சொல்ல அவருக்கும் வாய் வரல, எனக்கும் வரல. இங்க வந்து எறங்கினோம். பன்னெண்டு வருஷமாச்சு. இந்த ஊருல எல்லாரும் அப்படி வந்தவங்கதான். டீயா, காப்பியா?”

டீ வேண்டாம் என்று சொல்ல முடியாததால் குமுதவல்லி ஒரு டீ வாங்கிக்கொண்டாள். திரும்பினால், பெஞ்சில் வேலாயுதம் சார் உட்கார்ந்திருந்தார்.

“சார்! நீங்க அருவியில…”

“ஆய்வுக்கு வந்தேன்மா” என்றது கரடி, வடையைப் பார்த்தபடி.

“சார் வாரத்துக்கு மூணு தடவை ஆய்வுக்கு வருவாரு” என்றது அணில். “பதினோரு வருஷமா.”

கரடி வடையைக் கீழே வைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டது. “நான் கடைசி சீட்டுலதான் இருந்தேன். நீ நிறுத்தச் சொல்லுவேன்னு பாத்தேன். ஏன்மா சொல்லல?”

“நாரைங்க சொல்லுவாங்கன்னு நெனச்சேன் சார்.”

அதற்குமேல் அதைப் பற்றிப் பேச இருவருக்கும் தைரியம் இல்லை. கரடி பையிலிருந்து ஆணையை எடுத்துக் காட்டியது. “இங்கயே கையெழுத்துப் போட்டுக் குடுக்க எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா கீழ பாரு. ‘இடம்: குடையருவி’ன்னு அச்சடிச்சிருக்காங்க. வேற எடத்துல போட்டா தணிக்கையில நம்ம ரெண்டு பேரையும் தோலை உரிச்சிடுவாங்க. மணி இப்பவே பத்தேகால். ஏதாவது வண்டியைப் புடி.”

குமுதவல்லி கைப்பேசிச் செயலியில் கால் டாக்ஸிக்குப் பதிவு செய்தாள். இதில் பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு இது பிடித்தது. மூன்றே நிமிடத்தில் வருவதாகச் சிறுத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் கைப்பேசி உடனே அதிரத் தொடங்கிற்று. தெரியாத எண். அவள் அதை அரண்டு பார்த்தாள்.

“எடும்மா. சிறுத்தைதான் கூப்பிடுது” என்றது கரடி.

“நீங்க பேசுறீங்களா சார்?”

கரடி நாலடி பின்வாங்கியது. கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. ‘உங்கள் ஓட்டுநர் பயணத்தை ரத்து செய்துவிட்டார்’ என்று செய்தி வந்தது. இருவரும் பெருமூச்சு விட்டார்கள். நிம்மதிப் பெருமூச்சுதான்.

அடுத்தது ஷேர் ஆட்டோ. காட்டுப்பன்றி கண்ணாடியில் தன் கொம்புப்பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அருவிதானே? ஏறுங்க, ஏறுங்க. ஆள் சேர்ந்ததும் கிளம்பிடலாம்.”

ஏற்கெனவே ஐந்து முயல்கள் உள்ளே இருந்தன. குமுதவல்லி அவற்றின் நடுவே ஒடுங்கினாள். கரடி ஏறியதும் ஆட்டோவின் பின்சக்கரம் முனகியது.

“சாருக்கு மூணு சீட்டு போட்டுக்கணும்” என்றது பன்றி, ஊர் கேட்க. “தப்பா நெனைக்காதீங்க. போன வாரம்தான் ஸ்பிரிங் மாத்தினேன்.”

முயல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. கரடியின் மூக்கு சிவந்தது. “நான் சும்மா சீட்டு எப்படி இருக்குன்னு பாக்கத்தான் ஏறினேன்” என்று சொல்லி இறங்கிவிட்டது. மேலதிகாரி இறங்கிய பிறகு தான் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று குமுதவல்லியும் இறங்கினாள். அவள் காலை வெளியே வைத்த கணத்தில் இரண்டு ஆடுகள் ஏற, ஆட்டோ கிளம்பிப் போயிற்று.

மணி பத்து நாற்பது. மிச்சமிருந்தது திரும்பும் பேருந்து ஒன்றுதான். அதே யானை, அதே கருமந்தி. ஏறினால் அதே நாற்பது பேர்; நாரைகள், முள்ளம்பன்றிகள் எல்லோரும். இந்தத் தடவை எப்படியும் அருவியில் இறங்கிவிடுவது என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. யார் சொல்வது என்பது மட்டும் யார் முகத்திலும் இல்லை.

“நீ சொல்லிடும்மா” என்று கரடி காதோடு சொன்னது. “கையேடு எழுதினவ நீதானே.”

“நீங்க பெரியவங்க சார். நீங்க சொன்னா எடுபடும்.”

“எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

குமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போனால் நாளைக் காலையில் கிளி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய கையேட்டைச் சத்தம் போட்டுப் படிக்கும். அதை நினைத்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். அண்ணாதான். உரிமை எடுத்துக்கொண்டதாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

“அருவி இருக்கா, அருவி?”

‘அண்ணா’ என்றாள். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. தொண்டையைச் செருமினாள். மறுபடி ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவள் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த குரல் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“அண்ணா, இறங்கணும்!”

யானை மிதித்த மிதியில் நாற்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கருமந்தி காதைத் தேய்த்துக்கொண்டு திரும்பியது.

“அருவி அப்பவே போயிடுச்சேம்மா. இது தண்ணி டேங்க் ஸ்டாப்பு. இங்கயா எறங்கணும்?”

பேருந்து முழுக்க அவளையே பார்த்தது. இல்லை என்று சொல்ல வேண்டும். தப்பாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வாக்கியங்கள் தேவைப்படும்.

“ஆமா. இங்கதான்” என்றாள்.

இறங்கி, இங்கே அவசர வேலை இருப்பவள்போல விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கரடி வந்தது. கரடிக்குப் பின்னால் நாரைகள். நாரைகளுக்குப் பின்னால் முள்ளம்பன்றிகள். இவ்வளவு உறுதியாக ஒருத்தி இறங்குகிறாள் என்றால் இடம் தெரிந்துதான் இறங்குகிறாள் என்று நாற்பது பேரும் இறங்கிவிட்டார்கள். காலிப் பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு குழாய் உடைந்து, பாசி படிந்த சுவரில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓர் எருமை அதில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“ஏம்மா, தெரிஞ்சவ மாதிரி இருக்க” என்றது ஒரு நாரை. “அருவி எங்க இருக்கு?”

வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்பது பேர் குமுதவல்லியின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அருவி ஒரு மைல் பின்னால் இருந்தது. மணி பத்து ஐம்பத்தைந்து.

“இதுதான்” என்றாள்.

“இதுவா? படத்துல பெருசா இருந்துதே?”

“அது ஆடி மாசம் எடுத்த படம். இப்ப சீசன் இல்ல.”

நாரைகள் தலையாட்டின. ‘அதானே, இப்ப சீசன் இல்லைல்ல’ என்று பின்வரிசைக்குச் செய்தி போயிற்று. யாரோ துண்டை எடுத்தார்கள். யாரோ வரிசையில் நிற்கச் சொன்னார்கள். முள்ளம்பன்றித் தம்பதி சமாதானமாகி, ஒழுகும் குழாய்க்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. அது தொட்டித் தண்ணீர் என்று எருமைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் நாற்பது பேர் இவ்வளவு மரியாதையாக வரிசையில் நிற்கும்போது அதைச் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. “நான் முடிச்சிட்டேன், நீங்க வாங்க” என்று ஒதுங்கிக்கொண்டது.

கரடி வேலாயுதம் சாரின் அறைச்சுவரில் உண்மையான அருவியின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவர் குழாயைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“கொஞ்சம் முதுகைக் காட்டும்மா” என்று சொல்லி, குமுதவல்லியின் முதுகில் ஆணையை விரித்து வைத்து, கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினார்.

இதனால் அந்தக் காட்டார் கற்றுக்கொண்ட நீதி: சரியான நிறுத்தத்தில் வாய் திறப்பவருக்கு அருவி மட்டுமே கிடைக்கும், தவறான நிறுத்தத்தில் வாய் திறப்பவருக்கே நிரந்தர வேலை கிடைக்கும்.