அறுபது வயதில் பெண் பார்க்கப் போனேன்

நடிப்பு ஆசை எனக்கு நிறைய இருந்தது, நடிப்புதான் இல்லை. இதைப் புரிந்துகொள்வதற்குள் கல்யாணமே கைநழுவப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நண்பன் குமரன் எடுத்த குறும்படத்தில் நான்தான் நாயகன். காதலிக்கு வயதே ஏறாது. அவளைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் நாயகனுக்குப் பத்து வயது கூடும். (கதையைக் கேட்டுக் கண் கலங்கினேன். என்னைச் சொல்ல வேண்டும்.)

நாயகனுக்கு அறுபது வயதாகும் கடைசிக் காட்சியை ஒரு ஞாயிறு காலை ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் எடுத்தோம். அன்றைக்கே பத்தரை மணிக்கு அதே ஊரில் பெண் பார்க்கும் ஏற்பாடு. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மாலதியைப் போட்டோவில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. எட்டு மணிக்கு விட்டுவிடுவதாகச் சொன்ன குமரன் விட்டது பதினொன்றுக்கு. முகச் சுருக்கத்துக்கு அவன் தடவியது தச்சர் பசை, தலை நரைக்க அடித்தது வெள்ளைச் சுவர்ப் பெயிண்ட். ஆற்றில் முங்கித் தேய்த்தும் இரண்டும் அசையவில்லை.

முசிறியிலிருந்து வந்து பெண் வீட்டில் காத்திருந்த அப்பா போன் செய்தார்.

“பன்னெண்டு மணிக்கு எமகண்டம்டா. எப்படி இருக்கியோ அப்படியே வா.”

அப்படியே போனேன்.

பெண்ணின் அம்மா என்னைப் பையனின் பெரியப்பா என்று நினைத்து மரியாதையாக உட்காரவைத்து, சர்க்கரை இல்லாமல் காபி கொடுத்தார். என் அப்பாவும் எழுந்து நின்று கும்பிட்டார். பிறகுதான் என் சட்டையை அடையாளம் கண்டு தொப்பென்று உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகப் பெண்ணின் அப்பா இழுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று வீட்டில் கேட்ட எனக்குத் தெரியாதா? அழுகை வந்தது. (பசை இறுக்கியதால் அழவும் முடியவில்லை.)

அப்போது மாலதி சொன்னாள்: “அறுபது வயசுல எப்படி இருப்பாருன்னு பார்த்தாச்சுப்பா. பரவாயில்லை. அடுத்த வாரம் இருபத்தேழுலயும் ஒரு தடவை பார்த்துடலாமே.”

அடுத்த வாரம் போனபோது பசையோடு ஒரு புருவமும் போயிருந்தது. அதற்கும் சரி என்றாள்.

படத்தைக் குமரனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தைந்து. அன்று அவள் வாய் திறந்ததற்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். நான் கண்ணாடி முன் நின்று நரையைப் பார்த்து அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க அவள் சொல்வாள்: “இன்னும் அவ்வளவு மோசமாகலைங்க. பதினஞ்சு வருஷம் இருக்கு.”