சீட்டு ஹெடரும் லாரி ஹெடரும் முட்டிக்கொண்ட படலம்

முத்து விளைந்த கடல் ஒருபுறமும் உப்பு விளையும் பாத்தி மறுபுறமும் காவல் நிற்கும் தூத்துக்குடித் திருநகரில், உப்பள எடைமேடையின் மென்பொருளை ஒற்றை ஆளாய்த் தாங்கி நிற்பவளும், அரைப்புள்ளி ஒன்று விடுபட்டாலும் அடுத்த அறையிலிருந்தே மோப்பம் பிடிப்பவளும், ஆழ்வார்திருநகரி ஈன்ற ஆரணங்குமாகிய கோதா வாழ்க. அவள் கீபோர்டு வாழ்க. அதில் எழுத்தழிந்துபோன எஸ் பொத்தானும் நீடூழி வாழ்க.

தீர்த்தம் யாருக்கு முதலில், சடாரி யாருக்கு அடுத்து என்று வரிசை பிசகாத ஊரில் பிறந்தவள் அல்லவா? அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நிரலைத் திறந்தவள், அதன் முகப்பில் லாரி, உப்பு, சீட்டு, எடை என, அந்தந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லும் கோப்புகளாகிய நான்கு ஹெடர்கள் சந்தைக்கூட்டம் போலத் தாறுமாறாய் நிற்கக் கண்டாள். கண் சிவந்தாள். உப்பு, எடை, சீட்டு, லாரி என்று அகரவரிசையில் நிறுத்தினாள். அடடா, என்ன ஒழுங்கு, என்ன ஒய்யாரம். மனம் குளிர்ந்து, நிரலைச் சரிபார்த்து ஓடவைக்கும் கம்பைல் பொத்தானை அழுத்தினாள்.

இருநூற்றுப் பதினான்கு பிழைகள் செங்கொடி பிடித்துத் திரையேறி வந்தன. சி என்னும் கணினி மொழியில் ஒருவரை அறிமுகம் செய்யாமல் அவர் பெயரை எடுக்கக் கூடாது. சீட்டு ஹெடரோ லாரியின் முழு விவரத்தையும் தன் வயிற்றில் சுமப்பது. லாரி இன்னாரென்று சொல்லும் ஹெடரைக் கோதா கடைசிக்குத் தள்ளிவிட்டாளே. லாரியா, யாரது என்று கைவிரித்துவிட்டது கம்பைலர்.

மூன்று மணிக்கு உப்பு லாரிகள் வரும். அதற்குள் மென்பொருள் ஓடாவிட்டால், அதை எழுதியவரே சித்திரை வெயிலில் எடைமேடையில் நின்று கையால் எடைச்சீட்டு எழுத வேண்டும் என்பது உப்பள அதிபர் ஆவுடையப்பனின் மாற்றமுடியாத ஆணை. எந்தப் பிழைக்கும் அஞ்சாத கோதா, வெயிலுக்கு மட்டும் நடுங்குவாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பால்துரை சாத்தான்குளத்துக்காரர், சண்டை சச்சரவுக்குப் போகாதவர். "ஏளா, பழையபடியே மாத்தி வச்சிட்டுப் போயேன். என்ன குடியா முழுகிப் போச்சு?" என்றார்.

வீராங்கனை எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, கோதா வச்ச வரிசையைக் கோதா மாத்தமாட்டா. ஹெடர்னா தன் கால்ல தானே நிக்கணும்."

மூண்டது போர். லாரி ஹெடரை அழைக்கும் வரியைச் சீட்டு ஹெடரின் உச்சந்தலையில் ஏற்றினாள். அந்தோ, கடைசியாகப் போட்ட சீட்டை நினைவில் வைப்பதற்காக, சீட்டு ஹெடரை அழைக்கும் வரி லாரி ஹெடருக்குள் முன்பே பதுங்கியிருந்தது. சீட்டைத் திறந்தால் லாரி வரட்டும் என்றது. லாரியைத் திறந்தால் சீட்டு வரட்டும் என்றது. நீங்கள் முதலில் உட்காருங்கள், இல்லையில்லை நீங்கள் உட்காருங்கள் என்று நின்றுகொண்டே பந்திச் சோற்றை ஆறவிடும் சம்பந்திகள் தோற்றார்கள் போங்கள். பிழைகள் முந்நூறைத் தாண்டின. கோதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி இரண்டேமுக்கால். டீ ஆறிவிட்டது, மக்ரூன் பொட்டலம் பிரிபடாமல் கிடந்தது. பால்துரை மெல்லத் தொண்டையைச் செருமி, "ஏளா, அந்தப் பிரிண்டர்ல..." என்று தொடங்கினார்.

கோதா வலக்கரம் உயர்த்தித் தடுத்தாள். "பிரிண்டர் பேச்செல்லாம் பொறவு, அண்ணாச்சி. இப்போ நான் யுத்தத்துல இருக்கேன்." பாவம், மனிதர் மக்ரூன் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

அப்போது உதித்தது ஞானம். லாரிக்குள் சீட்டு குடியிருக்கவில்லையே. சீட்டு இருக்கும் இடத்தை லாரி விரல் நீட்டிக் காட்டினால் போதுமே. லாரி ஹெடரிலிருந்த அழைப்பு வரியை வெட்டி வீழ்த்தினாள். சீட்டு என்றொரு வகை உண்டு, விவரம் பின்னால் வரும் என்று அறிவிக்கும் ஒற்றை வரியை அங்கே நாட்டினாள். விரலோங்கி, வீறோங்கி, கம்பைல் பொத்தானை அடித்தாள். பிழைகள் அனைத்தும் பூண்டோடு ஒழிந்தன. பால்துரை கைதட்டினார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

முதல் லாரி முழங்கிக்கொண்டு மேடையேற, எடை திரையில் எழில் வீச, வெயிலை வென்ற வேல்விழியாள், வரிசை காத்த வைராக்கியத்தாள், வெற்றித் திருமகள் கோதா, புன்னகை பூத்து, அச்சிடும் பொத்தானை அழுத்தினாள்.

பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துபோயிருந்ததால், சாயங்காலம் வரைக்கும் கோதா எடைமேடையில் நின்று கையால் சீட்டு எழுதினாள்.