எட்டாத இரண்டு ஒயர்

பௌதிகம் கற்றுக்கொடுப்பவர்களை வீட்டு மின்சாரத்தின் பக்கம் விடக் கூடாது. நானே பௌதிகம் கற்றுக்கொடுத்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாந்தோமில் எங்கள் வீடு. நான் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிய மமதை இன்னும் இறங்காத வயது. (இறங்க எத்தனை நாள் ஆயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஒரே சாயங்காலம்.)

எங்கள் வீட்டு ஃப்யூஸ் பெட்டி மரத்தால் ஆனது. மொத்த வீட்டுக்கும் சேர்த்து இரண்டே பீங்கான் ஃப்யூஸ். சமையலறை பல்பில் ஒரு கோளாறு என்றாலும் வீடு முழுக்க இருண்டுவிடும். "ஒரு அறையின் கோளாறு இன்னொரு அறையைப் பாதிக்கக் கூடாது. அறைக்கு ஒரு ஃப்யூஸ் வேண்டும்" என்று அப்பாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். படத்துக்குப் பயந்தே அவர் சம்மதித்தார்.

முனுசாமி என்ற எலெக்ட்ரீஷியன் வந்தார். அடையாற்றுக் கரையில் குடியிருப்பவர். மரப் பெட்டியைக் கழற்றிவிட்டு புது இரும்புப் பெட்டியைச் சுவரில் பொருத்தினார். பாதி ஒயர்களை மாட்டியதும் நிறுத்திவிட்டார்.

"ரெண்டு ஒயரு குட்டையா கீது டீச்சரம்மா, பெட்டிக்கு எட்டல. துண்டு ஒயரு தேடிக்கினு வந்து ஒட்டுப் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் கை வெக்காதீங்க."

அந்த நாளில் ஒயர் சுலபத்தில் கிடைக்காது. அவர் போனது காலை பத்து மணிக்கு. மூன்று மணி வரை ஆளைக் காணோம்.

ஆறு மணிக்கு என்னைப் பெண் பார்க்க ராயபுரத்திலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை சரித்திர வாத்தியார். இரண்டு வரன் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. "பெண் ரொம்பப் படிச்சிருக்கா" என்பது முதல் வீட்டார் சொன்ன காரணம். இரண்டாம் வீட்டார் காரணம் சொல்லவில்லை, நான் அவர்களுக்குக் கிரகணத்தை விளக்கியிருந்தேன்.

"இருட்டுல உட்கார வைக்கிறதா?" என்றாள் அம்மா.

மெயின் ஃப்யூஸ் கழற்றித்தான் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். எட்டாத இரண்டு ஒயர்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. பெட்டிக்குத்தான் எட்டவில்லை, ஒன்றுக்கொன்று தாராளமாக எட்டின. இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். மெயின் ஃப்யூஸை மாட்டி எல்லா சுவிட்சையும் போட்டேன். எல்லாம் எரிந்தது, ஹாலும் சமையலறையும் மட்டும் கொஞ்சம் சிவப்பாக. "வோல்டேஜ் குறைவு" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை தன் அம்மாவுடன் வந்தார். ஹாலில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே உட்கார வைத்தோம். படத்தின் முன்னால் ஒரு சிவப்பு பல்பு உண்டு. மின்விசிறி, மேலே உட்கார்ந்த ஈயைக்கூடத் தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வருவாள். காபித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை விளக்கை அணைத்தாள். ஹால் இருண்டது. விசிறி நின்றது. திருஇருதயமும் அணைந்தது.

"கரண்ட் போயிடுச்சு போல" என்றார் அப்பா.

மெழுகுவர்த்தி எடுக்க அம்மா உள்ளே போய் வழக்கம்போல் சுவிட்சைப் போட்டாள். ஹாலில் வெளிச்சம் வந்தது. "வந்துடுச்சு" என்றார் அப்பா. இனி வர்த்தி வேண்டாமென்று அம்மா விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி இருட்டு. மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்றாம் தடவை இருண்டபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வாரம்தான் நாலாம் பாரத்துப் பெண்களுக்கு நடத்தியிருந்தேன்: தொடர் இணைப்பில் ஒரு விளக்கு அணைந்தால் மற்றதும் அணையும். கரும்பலகையில் படம்கூடப் போட்டேன். அழகான படம்.

இருட்டில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "அடுப்பங்கரை விளக்கை அணைக்காமல் இருக்கச் சொல்ல முடியுமா?"

அம்மா போட்டாள். வெளிச்சம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன பாடம் எடுக்கிறீங்க?"

"பௌதிகம்."

"சரி" என்றார்.

அந்த நேரம் பார்த்து முனுசாமி கையில் ஒயர்த் துண்டுடன் உள்ளே வந்தார். பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று கவனிக்காமலே பேசினார்.

"இன்னா இது, ஹாலையும் அடுப்பாங்கரையையும் புடிச்சு முடிச்சுப் போட்டுக்கீது. இனிமே ஒண்ணு இல்லாங்காட்டி இன்னொண்ணு வாழாது. எவன் பண்ணது?"

அப்பா உத்தரத்தைப் பார்த்தார். முனுசாமியே மாட்டியதாகச் சொல்லிவிடலாம். முனுசாமிக்கும் என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வேண்டுமானால் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்பதுபோல் நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான். அவர் கை வைக்காதேன்னுதான் சொன்னார்."

மாப்பிள்ளையின் அம்மா பெட்டிக்குக் கீழே இன்னும் நின்ற ஸ்டூலைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு வீட்டு வேலைக்கு உதவாதுன்னு சொன்னாங்க" என்று மகனிடம் மெதுவாகச் சொன்னார். "இது ஸ்டூல்ல ஏறி கரண்ட் வேலையே பார்த்திருக்கு." பாராட்டா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வரன் தட்டிப்போகவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் சுவிட்சில் கை வைத்தபடி உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்: "அணைக்கட்டுமா? அங்கே யாருக்காவது வேணுமா?" நாற்பது வருஷம், முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

எங்கள் மகள் இதைக் கேட்டே வளர்ந்தாள். எல்லார் வீட்டிலும் இப்படிக் கேட்டுத்தான் விளக்கை அணைப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். கல்யாணமாகிப் போன முதல் வாரமே, புகுந்த வீட்டு ஹாலில் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு உரக்க அனுமதி கேட்டாளாம். அவள் மாமியார் என்னைத் தேடி வந்து, "பெண்ணை எவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறீர்கள்" என்றார்.

நான் மறுக்கவில்லை.